பிடி போடாத முப்பது கத்திகள்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நம் ஊரில் மனிதர்கள் இரண்டே வகை. சாலையில் வண்டிகளை நிறுத்துகிறவர்கள் ஒரு வகை, நிறுத்தப்படுகிறவர்கள் இன்னொரு வகை. வருவாய்த்துறையில் இருந்த காலமெல்லாம் நான் முதல் வகை. துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று, அயோத்தியாப்பட்டணத்தில் வீடு கட்டிக் குடிவந்ததும் இரண்டாம் வகைக்கு இறக்கப்பட்டேன். பதவி போனாலும் விதிகள் போகவில்லை. எந்த மனுவுக்கு எந்த அதிகாரி, எந்தக் கையெழுத்துக்குக் கீழே எந்த முத்திரை என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்க யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

என் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கத்திப் பட்டறை. அதை நடத்துகிறவர் எடப்பாடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்மணி. நாற்பது வயதைத் தாண்டியவர், தெருவில் எல்லோருக்கும் பட்டறைக்காரம்மா. பட்டறைச் சத்தத்தை எதிர்த்து நீங்கள் ஏன் மனு எழுதவில்லை என்று என் பழைய சகாக்கள் கேட்பார்கள். நான் எழுதியிருந்தால் பட்டறை இருந்திருக்காது. அந்த அம்மாவின் கத்தி எனக்குப் பிடித்திருந்தது. அதனால் எழுதவில்லை.

கழித்துப் போட்ட லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி, துண்டு போட்டு, உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, எண்ணெயில் முக்கி எடுத்துச் செய்கிற கத்தி அது. கடையில் கிடைக்கும் வெள்ளிப் பளபளப்பு அதற்குக் கிடையாது. கழுவி ஈரத்தோடு வைத்தால் ஒரு மணி நேரத்தில் துருப் பூத்துவிடும். ஆகவே எங்கள் வீட்டில் அதற்கென ஒரு நடைமுறை வகுத்தேன்: வெட்டியதும் கழுவுதல், உடனே துடைத்தல், ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுதல், நிற்க வைக்காமல் படுக்க வைத்தல். "ரிட்டையர் ஆகியும் கத்திக்கு ஃபைல் போடறீங்க" என்றாள் மனைவி. ஆனால் தக்காளி அறுக்க அதைத்தான் எடுப்பாள். பழுத்த தக்காளியின் தோலை நசுக்காமல் அறுக்கிற கத்தி எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

பட்டறைக்காரம்மாவின் கணவரும் நல்ல கொல்லர். பட்டறையில் ஒரு மாதம் வேலை இருக்கும், ஒரு மாதம் இருக்காது என்பதால், திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டியில் வெல்டராக ஏறி வடக்கே போய்விட்டார். மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு வருவார். மற்ற நாட்களில் பட்டறைக்காரம்மாவும், கூலிக்குச் சம்மட்டி அடிக்க ஓர் ஆளுமாகப் பட்டறை ஓடியது.

இந்த நிலையில்தான் எடப்பாடியைச் சேர்ந்த ஒரு கல்யாண சமையல் மாஸ்டர், தன் ஆட்களுக்கு முப்பது காய்கறிக் கத்திகள் கேட்டிருந்தார். சனிக்கிழமை மதியம் மண்டபத்தில் காய் நறுக்க ஆரம்பிப்பார்கள், அதற்கு முன் கத்தி வந்து சேர வேண்டும். கத்தி சரியாக இருந்தால் அவருடைய மற்ற இரண்டு கோஷ்டிகளுக்கும் இனி இங்கேதான் வாங்குவார், சாணை பிடிக்கும் வேலையையும் தருவார். வராவிட்டால் கடைக் கத்தியே போதும் என்று சொல்லியிருந்தார். பின்சுவருக்கு மேல் தலையை நீட்டி பட்டறைக்காரம்மா என் மனைவியிடம் சொன்னது இது:

"இது மட்டும் நின்னுச்சுன்னா வருசம் பூரா வேலைங்க அக்கா. என்ற ஊட்டுக்காரரை ரிக்க உட்டு எறங்கி வரச்சொல்லிருவேன். போனுல குடும்பம் நடத்தி சலிச்சுப் போச்சுங்க."

வியாழக்கிழமை காலை அடித்து முடித்த கத்திகளை ஒரு சாக்கில் கட்டி, மொபெட்டில் வைத்து, அம்மாபேட்டைக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு மரக் கடைசல் பட்டறை இருக்கிறது. ஒரு காலத்தில் தறிகளுக்கு வேண்டிய மரச் சாமான்கள் கடைந்தவர்கள், இப்போது கத்திப் பிடியும் கடைகிறார்கள். அங்கே பிடி போட்டுக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு தரம் தீட்டி, சனிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போவதாகத் திட்டம்.

போன வேகத்தில் திரும்பி வந்து என் வீட்டுக் கேட்டைத் தட்டினார். மொபெட்டில் சாக்கு இல்லை.

"சாமி, கத்திய புடிச்சுட்டாங்க."

"யாரும்மா?"

"போலீசுங்க. ரோட்டுல நிறுத்திச் சாக்க அவுக்கச் சொன்னாங்க. அவுத்தேன். ரெண்டு பக்கமும் கூரா இருக்குது, யாரக் குத்தப் போறேங்கறாங்க. ஒரு பக்கந்தானுங்க கத்தி, இன்னொரு பக்கம் பிடிக்குள்ள போற வாலுங்கன்னு சொன்னேன். கத்திக்கு எதுக்கு வாலுங்கறாங்க. பட்டத்துக்கா கட்டறேன், சொல்லுங்க?"

பிடி போடாத கத்தியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காவலர்களின் கலவரம் புரியும். ஒரு பக்கம் அகன்ற அலகு, மறுபக்கம் பிடிக்குள் இறங்குவதற்காக அடித்துக் கூராக்கிய வால். கரிய நிறம் வேறு. அப்படி முப்பது, சாக்குக்குள், தேர்தல் நேரத்தில். நான் பணியில் இருந்திருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒழுங்காக நிறுத்தியிருப்பேன்.

அன்று மாலையே காவல் நிலையம் போனோம். ஆய்வாளர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார், நாளை வாருங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆன கத்திகளைச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை என்பதை முதல் பத்தியில் வைத்தேன். தேர்தல் சோதனையில் பிடிக்க வேண்டியது பணம், மது, பரிசுப் பொருள் என்பதை இரண்டாம் பத்தியில் வைத்தேன். வாக்காளருக்குக் காய்கறிக் கத்தி கொடுத்து ஓட்டு வாங்கும் கட்சி இன்னும் தோன்றவில்லை என்று மூன்றாம் பத்தியில் எழுதி, நல்ல வரியாக இருந்தும், மனுவின் கௌரவம் கருதி அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆய்வாளர் கிடைத்தார். என் மகன் வயது. மரியாதையாக உட்காரச் சொன்னார். பட்டறைக்காரம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அவர் பேசினால் காரியம் கெடும் என்று நினைத்தேன். பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

மனுவைப் படித்த ஆய்வாளர், "சட்டம் சரிதான் சார். ஆனா இது காய்கறிக் கத்தின்னு நான் எப்படி எழுதறது? பிடி இல்லை, ஒண்ணும் இல்லை. நாளைக்கு எங்கயாவது ஒண்ணு நடந்தா என்னைக் கேப்பாங்க" என்றார். நியாயமான கவலை. கோர்ட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், அங்கே மனுப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கோர்ட்டுக்குப் போனால் அந்த முப்பதும் அடுத்த தேர்தலுக்குத்தான் வெளியே வரும், அதற்குள் துருவாகியிருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஜன்னல் வழியாக மரம் கருகும் வாசனை வந்தது.

நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். நிலையத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை. கடையின் கரி அடுப்புக்குப் பக்கத்தில் பட்டறைக்காரம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கடைசல் பட்டறையில் மாதிரி காட்டுவதற்காக அவர் பையில் ஒரே ஒரு மரப்பிடி வைத்திருந்திருக்கிறார். வராந்தாவில் கேட்பாரற்றுக் கிடந்த சாக்கிலிருந்து ஒரு கத்தியை உருவி, அதன் வாலை டீக்கடை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஈரத்துணியால் அலகைப் பிடித்துக்கொண்டு பிடிக்குள் இறக்கி, ஒரு கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். பிடியின் வாயில் பூட்டிய பித்தளைப் பூணைச் சுற்றிப் புகை வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் ஆய்வாளர்.

"கத்திங்க சார். உங்க ஆளு இதுக்கு மேல என்ன கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. அதான் செஞ்சே காட்டிப் போட்டேன்."

சற்று முன் ஆய்வாளரின் மேசையில் படித்த கைப்பற்றல் மகஜரின் வாசகம் எனக்கு மனப்பாடம். 'பிடியில்லாத, இருபுறமும் கூருள்ள இரும்பு ஆயுதங்கள், முப்பது.' இப்போது பிடியில்லாதவை இருபத்தொன்பதுதான். அரை மணி நேரத்துக்கு முன் என்றால் அந்த அம்மா மீது வழக்கே நின்றிருக்காது. இப்போது கைப்பற்றிய பொருளைத் திருத்தியதாக ஒன்று தாராளமாக நிற்கும்.

ஆய்வாளரும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். "சார், உங்க ஆளு கேஸ் பிராபர்ட்டியைத் தொட்டுட்டாங்க. இனிமே நான் உங்களுக்காகக்கூட எதுவும் செய்ய முடியாது."

இப்படிப்பட்ட நேரத்தில் பதறுகிறவன் அலுவலகத்தில் எழுத்தராகவே ஓய்வு பெறுவான். நான் வராந்தாவுக்குப் போய்ச் சாக்கைச் சுற்றி ஒரு முறை நடந்தேன். கட்டு அவிழ்ந்து கிடந்தது. அரக்கு இல்லை, சீட்டு இல்லை, சாட்சிகளின் கையெழுத்து இல்லை.

"இதுக்கு வழக்கு எண் கொடுத்தாச்சா?"

"இன்னும் இல்லை."

"சாக்குக்கு சீல்?"

அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு டீக்கடையைப் பார்த்தார்.

"சீல் வைக்காம வராந்தாவில கிடந்தா அது கேஸ் பிராபர்ட்டி இல்லை சார், வெறும் சாக்கு. எடுத்தது அந்தம்மா தப்புன்னு எழுதினா, எடுக்கற மாதிரி ஏன் வச்சிருந்தீங்கன்னு மேல கேப்பாங்க."

ஆய்வாளர் குனிந்து சாக்கின் வாயை இழுத்து மூடினார். பிறகு, "நீங்க யாருக்கு சார் உதவி பண்ண வந்திருக்கீங்க?" என்றார்.

"இப்ப உங்களுக்குத்தான்."

அவருக்கும் ஒரு வழி வேண்டும் அல்லவா. மிரட்டிவிட்டு வழி காட்டாமல் போவது மோசமான நிர்வாகம். ஒரு தாளை வாங்கி விசாரணைக் குறிப்பின் வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். 'பொருளின் உபயோகத்தை உறுதி செய்யும் பொருட்டு, மேற்படி பொருட்களில் ஒன்றுக்கு, ஆய்வாளர் முன்னிலையில் மரப்பிடி பொருத்திப் பார்க்கப்பட்டது.'

"நான் வரும்போதே பொருத்திட்டாங்களே" என்றார் அவர்.

"புகை வந்துட்டிருந்தது சார். புகை நிக்கற வரைக்கும் பொருத்தி முடிஞ்சதாச் சொல்ல முடியாது."

முதல் தடவையாகச் சிரித்தார். இனி, அது காய் நறுக்கும் கத்திதான் என்று ஒரு சோதனை வேண்டும். டீக்கடையில் பஜ்ஜிக்கு வைத்திருந்த பெரிய வெங்காயம் இரண்டு வந்தன. நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒரு பலகையை மேசையில் போட்டு நறுக்கினார். நிலையமே சுற்றி நின்று பார்த்தது.

"நல்லாத்தான் போவுது. ஆனா கனமா இருக்குதேம்மா?" என்றார் தலைமைக் காவலர்.

"கனம் இருந்தா கத்தி வேலை செய்யுங்க. லேசா இருந்தா உங்க கை செய்யோணும்" என்றார் பட்டறைக்காரம்மா. பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக்குங்க சாமி, அதையும் எழுதிக்குங்க" என்றார். எழுதவில்லை.

பிடியுள்ளது ஒன்று, பிடியில்லாதவை இருபத்தொன்பது என்று ரசீதில் கையெழுத்துப் போட்டு, மாலைக்கு முன் சாக்கை வாங்கிக்கொண்டோம். வெளியே வந்ததும் நான் சொன்னேன், "அடுத்த தடவை எதையாவது அடுப்பில வைக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளும்மா."

"கேட்டிருந்தா நீங்க வேண்டாம்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கலீங்க."

இருட்டும் வரை அம்மாபேட்டைக் கடைசல் பட்டறையிலேயே உட்கார்ந்து மீதிக்கும் பிடி போட்டார்கள். புளிய மரத்தில் கடைந்த பிடி. தீட்டும் வேலை சனிக்கிழமை காலைக்குத் தள்ளிப் போனது. மொபெட்டை நம்ப முடியாது என்று நானே காரை எடுத்தேன். சட்டைப் பையில் விடுவிப்புக் குறிப்பின் நகல் தயாராக இருந்தது. வழியில் இரண்டு இடங்களில் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, ஓரமாகப் போனேன். வயதான முகத்தைப் பார்த்ததும் போங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டார்கள். ஏமாற்றமாக இருந்தது.

எடப்பாடியில் மண்டபத்தின் பின்கட்டில் சமையல் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கனத்த உடம்பு, தோளில் துண்டு. கீழே தார்ப்பாயில் காய்கறி மலையாகக் கொட்டிக் கிடக்க, நறுக்குகிற பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா, கத்தியக் கொண்டாரச் சொன்னா ஆபீசரக் கூட்டிட்டு வந்திருக்கறே?"

"அவரு எங்க ஊட்டுப் பக்கத்து ஊடுங்க. கல்யாணச் சோறுன்னதும் கெளம்பிட்டாரு."

மாஸ்டர் ஒரு கத்தியை எடுத்து விரலால் அலகைத் தடவினார், கையில் எடை பார்த்தார், ஒரு வாழைக்காயைச் சீவி, வில்லைகளாக நறுக்கினார். வெண்ணெய் போல் இறங்கியது. முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடம் சுருங்கியது. வெட்டிய இடமெல்லாம் கருநீலக் கோடு ஓடியிருந்தது.

"என்னம்மா இது? பொரியல் இந்த நெறத்துல போச்சுன்னா மாப்பிள்ளை ஊட்டு சனம் என்ன ஏதுன்னு என்னத்தான கேக்கும்?" திரும்பி ஒரு பெண்ணைப் பார்த்து, "அந்தப் பழைய கத்திப் பொட்டிய எடுத்துட்டு வா ஆயா" என்றார்.

கடைக் கத்திகளின் பெட்டி வந்தது. திறந்து வைத்தார்கள்.

புது இரும்புக் கத்தி முதல் தடவை வாழைக்காயைத் தொட்டால் கறுக்கத்தான் செய்யும். முன்னதாகப் புளியைக் கரைத்துப் பூசி ஊற வைத்துவிட்டால் கத்தி மேலே ஒரு சாம்பல் படலம் கட்டிவிடும், பிறகு காய்க்கு நிறம் மாறாது. பட்டறைக்காரம்மா எப்போதும் செய்கிற வேலை. இந்த முறை அதற்கான நாள் காவல் நிலையத்தில் போய்விட்டது. இதை மாஸ்டருக்கு ஆதியோடு அந்தமாக விளக்க வாயைத் திறந்தேன். மகஜர் முதற்கொண்டு சொல்லுகிற உத்தேசம்.

"சாமி, நீங்க சித்த சும்மா இருங்க" என்றார் பட்டறைக்காரம்மா. மாஸ்டரிடம், "புளி காட்டலீங்க. இங்கயே காட்டிர்றேன். நீங்க ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க" என்றார்.

"அத ஊட்லயே பண்ணிட்டு வர்றதுக்கென்ன?"

"பண்ணியிருக்கோணும். பண்ணலீங்க. காப்பி குடிச்சுட்டு வாங்க."

சாக்குப் போக்கு எதுவும் சொல்லவில்லை. அரசுப் பணியில் நான் ஒருவரிடமும் கேட்டிராத பதில் அது. மாஸ்டருக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும், பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் காப்பிக்குப் போனார்.

கல்யாணச் சமையல்கட்டில் புளிக்கா பஞ்சம்? சாம்பாருக்கு ஊற வைத்திருந்ததில் ஒரு கை அள்ளி, நறுக்குகிற பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு கத்தி கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். "எங்களுக்கு இது வேற வேலையா?" என்று ஒருத்தி முனகினாள். "நாளைக்கு உங்க கைல நிக்கப் போற கத்தி ஆயா, நீங்களே தேச்சுக்குங்க" என்றார் இவர். தேய்த்துச் சற்று ஊறியதைக் கழுவி என் பக்கம் தள்ளினார்கள். துடைத்து எண்ணெய் தடவும் பொறுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டது. நான் கேட்டுப் பெற்ற பொறுப்பில்லை என்றாலும் சிறப்பாகச் செய்தேன். அந்தச் சமையல்கட்டில் துடைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தீட்டிப் பளிச்சென்று வந்த அலகுகள் மழை மேகம் போல் மங்கிப் போயிருந்தன.

மாஸ்டர் வந்தார். இன்னொரு வாழைக்காயை நறுக்கி, வில்லைகளைத் தட்டில் பரப்பி, பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் பார்த்தோம். ஓரத்தில் லேசாக ஒரு சாயல் வந்து, அதோடு நின்றது. இன்னும் கொஞ்சம் பார்த்தார். காய் வெள்ளையாகவே கிடந்தது. காலால் பழைய பெட்டியின் மூடியைத் தள்ளிச் சாத்தினார்.

"மத்த ரெண்டு கோஷ்டிக்கும் அடிச்சிரு. மாசம் ஒருக்கா எல்லாத்தையும் சாணை புடிச்சுக் குடுக்கோணும். ஆளு இருக்குதா உன்ற பட்டறையில? அப்புறம் ஆளில்லைன்னு சொல்லப்படாது."

"ஆளு வருதுங்க" என்றார் பட்டறைக்காரம்மா.

கையில் புளி காய்ந்திருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். மெதுவாகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. எனக்கு முழுவதும் கேட்டது.

"ஏனுங்க, கேக்குதா? அந்த மிசின்கிட்ட இருந்து அக்கட்ட வாங்க. வந்துட்டீங்களா? நின்னுச்சுங்க. ஆமா, மூணு கோஷ்டிக்கும். இல்ல, நெசமாத்தான். எத்தன அடி போயிருக்குது? தண்ணி வந்துச்சா? வந்தாலும் செரி, வராட்டியும் செரி, இந்தக் குழி முடிஞ்சதும் எறங்கிருங்க."

அந்தப் பக்கம் கணவர் நீண்ட நேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவர் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"மொதலாளி உடமாட்டாரா? செரி, அவரு நம்பரக் குடுங்க. நானே பேசிக்கறேன்."